சிஸ்டர் என்று அழைக்கிறோமே!

தமிழ்நாட்டில் இருவகைப் பெண்களை நாம் ‘சிஸ்டர்’ என்று அழைக்கிறோம். ஒருவர் மடத்துக் கன்னியர். மற்றவர் மருத்துவமனையில் ஊசி போடவும், புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் வரும் செவிலியர். திருச்சி புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனையின் வார்டு ஒன்றில் ஒரு பகல் முழுதும் அமர்ந்து செவிகொடுத்தால், இந்த ஒரு சொல் எத்தனை தொனிகளில் ஒலிக்கிறது என்பது விளங்கும். கெஞ்சலாக ஒலிக்கும், அதட்டலாக ஒலிக்கும், அழுகையாக ஒலிக்கும். சில வேளைகளில் வசைமொழிக்கு முன்னோடியாகவும் ஒலிக்கும்.

இப்பெயர் வந்த வழியை அறிவது கடினமன்று. ஐரோப்பிய நாடுகளில் நோயாளரைப் பேணும் பணி பல நூற்றாண்டுகளாகத் துறவியர் கையில் இருந்தது. 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போர்க்களத்திற்குப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அழைத்துச் சென்ற 38 பெண்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியரே. ஆங்கிலேயரின் மருத்துவமனைகளில் வார்டுக்குப் பொறுப்பேற்ற மூத்த செவிலியருக்கு ‘சிஸ்டர்’ என்பது பதவிப் பெயராகவே நிலைத்தது. அவர்களோடு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பிறருடைய இரத்தத்தையும் மலசலத்தையும் தொடுவது தீட்டு என்று கருதிக் ‘கௌரவமான’ குடும்பங்கள் தங்கள் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், மிஷன் பள்ளிகளிலும் கன்னியர் மடங்களிலும் பயின்ற கிறிஸ்தவப் பெண்கள் முன்வந்தனர். ஆகவே பெயர் இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

பெயரோடு ஓர் எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். மடத்துச் சகோதரிக்கு ஒரு குழுமம் உண்டு. குறித்த நேரத்தில் செபமும் உணவும் உறக்கமும் உண்டு. மனம் சோர்ந்தால் திறந்து பேச ஒரு தலைமைச் சகோதரி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை தியானம் உண்டு. வார்டில் நிற்கும் செவிலியருக்கோ வீட்டு வாடகை உண்டு, படிப்புக்காக வாங்கிய வங்கிக் கடன் உண்டு, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் உண்டு. ஆயினும் அவரிடம் நாம் எதிர்பார்ப்பது கன்னியரின் பொறுமையை! முகம் சற்றே சுளித்துவிட்டால், “சேவை செய்ய வந்துவிட்டு இப்படியா?” என்று கேட்டு விடுகிறோம்.

இந்த ஏட்டை வாசிக்கும் இல்லங்களுக்கு இது அயலார் விஷயமன்று. திருச்சியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பங்குகள் பலவற்றில் செவிலியர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஒருத்தி தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருப்பாள். அவள் தங்கை வளைகுடா நாட்டில் இருப்பாள். சித்தி மகள் இங்கிலாந்துக்குத் தேர்வெழுதிக் காத்திருப்பாள். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் ஆகிய பகுதிகளிலிருந்து நோயாளிகள் பெருமளவில் வந்து சேரும் நகரம் இது. அவர்களைப் பேணுவோருள் நம் வீட்டுப் பெண்கள் பலர். இன்று ஆண் செவிலியரும் சிலர் உளர். நோயாளியாகவோ, நோயாளிக்குத் துணையாகவோ, செவிலியரின் பெற்றோராகவோ, கணவராகவோ, ஏதோ ஒரு வகையில் நாம் யாவரும் இதில் தொடர்புடையோரே.

செவிலியரின் வேலை என்றதும் ஊசி, மாத்திரை, காய்ச்சல் பார்த்தல், டிரிப் மாற்றுதல் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றிற்கெல்லாம் ஏட்டில் பதிவு உண்டு. பதிவேறாத இன்னொரு வேலையும் நடந்துகொண்டே இருக்கிறது. மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குரிய ஒரு பெரியவர் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் கேட்டு அழைப்பார். ஒன்றரைக்குப் போர்வை சரியில்லை என்பார். இரண்டு மணிக்கு மின்விசிறி அதிகமாகச் சுழல்கிறது என்பார். அனுபவமற்ற பெண் மூன்று முறையும் கேட்டதைச் செய்துவிட்டு, நான்காம் முறை எரிச்சலடைவாள். அனுபவமுள்ளவளோ இரண்டாம் அழைப்பிலேயே இவருக்குத் தாகமுமில்லை, குளிருமில்லை, அச்சமே உள்ளது என்று கண்டுகொண்டு, கட்டிலருகில் இரண்டு நிமிடம் நின்று, “நாளைக் காலையில் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது நானும் இருப்பேன், ஐயா” என்று சொல்லிவிட்டுப் போவாள். பெரியவர் உறங்கிவிடுவார். கேஸ் ஷீட்டில் இதை எழுத இடமில்லை.

இத்திறமைக்கு அறிஞர்கள் ஒரு பெயர் தந்துள்ளனர். 1990-இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலார் இதனை ஓர் அறிவு வகையாகவே வைத்து எழுதினர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. தமிழில் ‘உணர்வறிவு’ என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிறர் முகத்திலும் குரலிலும் உள்ள உணர்வை அறிதல், அவ்வுணர்வு எதிலிருந்து பிறந்தது, எங்கே போய் முடியும் என்று புரிந்துகொள்ளுதல், அதனைச் சிந்தனைக்குத் துணையாக்குதல், தன் உணர்வையும் பிறர் உணர்வையும் நெறிப்படுத்துதல் ஆகியவை அதில் அடங்கும். நம் பாட்டிமார் இதனைப் ‘பக்குவம்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டனர் எனலாம்.

ஆனால் இதற்கும் முன்பே, 1983-இல், ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற சமூகவியல் அறிஞர் வேறொரு கோணத்திலிருந்து இதை நோக்கினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், ஊதியம் பெறுவதற்காக முகத்தையும் மனத்தையும் ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்திருப்பதும் உழைப்பே என்றார். மூட்டை சுமப்பவரின் முதுகு நோவதைப் போல, இவ்வுழைப்பிலும் ஏதோ ஒன்று தேய்கிறது என்று காட்டினார். உள்ளே கொதிக்க, வெளியே சிரிப்பது ஒருவகை. உள்ளத்தையே மாற்றிக்கொண்டு மெய்யாகவே பரிவு கொள்ளுவது மற்றொரு வகை. முதல் வகை ஆளை மெல்ல மெல்ல வெறுமையாக்கிவிடுகிறது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் தெரிவிக்கின்றன. இரண்டாம் வகைக்கோ நேரமும் ஓய்வும் வேண்டும். இரவெல்லாம் ஓடிக் களைத்தவளுக்கு முதல் வகைதானே கைகொடுக்கும்!

இந்தச் சுமையின் எடையை அறிய வேண்டுமாயின், தீக்காய வார்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நிகழ்ந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். முகூர்த்த வேளையில் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காயமுற்றோர் பலர் திருச்சி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை செய்தித்தாள்களில் வந்தது. அரசின் நிவாரணத் தொகை வந்தது. மண்டபங்களில் கீற்றுப் பந்தல் கூடாது என்ற பேச்சும் வந்தது. பட்டுச் சேலையும் நகையுமாக வந்து, உடலெங்கும் வெந்து கிடந்தவர்களுக்கு நாள்தோறும் கட்டு மாற்றிய கைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

கட்டு மாற்றுதல் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். தீக்காயத்தில் ஒட்டிக்கொண்ட பழைய துணியை நனைத்து எடுக்க வேண்டும். இறந்த தோலை அகற்ற வேண்டும். மருந்து தடவிப் புதிய கட்டுக் கட்ட வேண்டும். வலி மருந்து கொடுத்த பின்னரும் நோயாளி அலறுவார். மறுநாளும் அதே வேலை. அதற்கு மறுநாளும் அதுவே. தள்ளுவண்டியின் சக்கர ஒலி கேட்டவுடனேயே கட்டிலில் கிடப்பவர் நடுங்கத் தொடங்குவார். துன்பத்தைத் தணிக்கவென்று வந்த பெண், துன்பத்தைக் கொண்டுவருபவளாகவே அவர் கண்ணுக்குத் தோன்றுகிறாள். இதைத் தாங்குவது எப்படி என்பதை எந்தப் பாடநூலும் அவளுக்கு முழுமையாகக் கற்றுத் தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. உடலில் பெரும்பகுதி வெந்தவர்கள் முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள். ‘பிழைத்துக்கொள்வார்’ என்று உறவினர் நம்புவர். நாட்கள் சில சென்றபின் நோய்த்தொற்று பரவி நிலைமை மாறக்கூடும் என்பதைச் செவிலியர் அறிவார். தாம் அறிந்ததை முகத்தில் காட்டாமல் அவர் பேச வேண்டும். நம் ஊர்த் தீக்காய வார்டுகளில் நெடுங்காலமாக மிகுதியாகக் கிடந்தோர் இளம் பெண்கள். “ஸ்டவ் வெடித்துவிட்டது” என்று நீதிபதியிடம் வாக்குமூலம் தந்துவிட்டு, மாமியார் வெளியே போன நேரம் பார்த்துச் செவிலியரின் கையைப் பற்றி வேறொன்றைக் கிசுகிசுக்கும் பெண்களும் உண்டு. பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர், அந்தச் சொற்களையும் உடன் கொண்டுதான் செல்ல வேண்டும்.

இவ்வாறான சுமையைச் சுமக்க இயலாதபோது மனித மனம் ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறது. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து 1960-ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பயிற்சிக்கு வந்த செவிலிய மாணவியருள் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே வெளியேறினர். அவர் கண்டது வியப்பிற்குரியது. நோயாளரைப் பெயரால் குறிக்காமல் கட்டில் எண்ணாலும் நோயாலும் குறிக்கும் வழக்கம், ஒரே நோயாளியை ஒருவரே முழுமையாகக் கவனிக்காதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாருக்கும் பகிரும் முறை, உணர்ச்சியைக் காட்டுவது குறை என்னும் எண்ணம் ஆகிய எல்லாம், துயரமும் அச்சமும் உள்ளே புகாதிருக்க நிறுவனமே கட்டிய அரண்கள் என்று அவர் எழுதினார். அந்த அரண் பெண்களைக் காக்கவுமில்லை. மனமுள்ளவர்களே முதலில் வெளியேறினர்.

“பதினேழாம் பெட், சுகர் கேஸ்” என்று நம் வார்டுகளில் சொல்லக் கேட்கும்போது நமக்குச் சினம் வருகிறது. வருவது இயல்பே. ஆனால் அந்தச் சொல் கல்மனத்திலிருந்து பிறந்ததா, மனம் கல்லாகிவிடாமல் காத்துக்கொள்ள எடுத்த கேடயமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இதற்கு இக்காலத்தில் கூறப்படும் மருந்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். ‘உணர்வறிவுப் பயிற்சி முகாம்’ என்று மருத்துவமனைகள் நடத்துகின்றன. நல்லதே. எவ்வாறு கேட்பது, எவ்வாறு மூச்சை நிதானிப்பது, தன் சினம் நோயாளியால் வந்ததா, தன் பசியால் வந்ததா என்று எவ்வாறு பிரித்தறிவது என்பனவெல்லாம் கற்கத்தக்கவையே, கற்றால் வளரக்கூடியவையே. ஆயினும் வார விடுமுறை நாளில் செவிலியரை வரவழைத்து, அரை நாள் படம் காட்டி, தேநீரும் பிஸ்கட்டும் சான்றிதழும் தந்து, அன்றிரவே நாற்பது கட்டில்களுக்குத் தனியாக நிறுத்துவதனால் என்ன விளையும்? “மனத்தை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம், இன்னும் புலம்புகிறாளே” என்று பழி அவள் மேலேயே திரும்பும்.

கட்டில் கணக்கை இங்கே விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட முடிவு உலகம் முழுதும் பேசப்படுகிறது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது; செவிலியர் மனம் எரிந்து சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் ஒரே ஏணியில் ஏறுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறிப்படி, கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், ஏனைய மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவரும் இருத்தல் வேண்டும். அடுத்த முறை உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்லும்போது, ஆரஞ்சுப் பழப் பையை மேசை மேல் வைத்துவிட்டு, அந்த வார்டில் உள்ள கட்டில்களையும் செவிலியரையும் வாசகர்கள் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊதியத்தின் கதையும் இத்தகையதே. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2015-இல் தேர்வெழுதி ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியாற்றினர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பின்னரே நாடு அவர்களை ஏறெடுத்துப் பார்த்தது. தனியார் மருத்துவமனைகளைப் பற்றி, செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கப் பணித்தது. இருநூறு கட்டில்களுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு ஈடான ஊதியம் தர வேண்டும், ஐம்பதுக்குக் குறைந்த கட்டில்கள் உள்ளவற்றிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. நம் திருச்சபையினர் நடத்தும் மருத்துவமனைகளும் இந்தக் கணக்கைத் தம் ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவையே. உலக நலவாழ்வு நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்த 2020-இல் நாம் மாடியில் நின்று கைதட்டினோம், விளக்கேற்றினோம். அக்கொள்ளைநோய்க் காலத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது என்ற அறிவிப்பு வந்தபோது, கைதட்டியவர்கள் யாரும் மாடிக்கு வரவில்லை.

செவிலியரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித கமில்லஸ் (1550–1614) இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். போர்வீரராகவும் சூதாடியாகவும் வாழ்ந்த அவர், காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகர மருத்துவமனைக்குச் சென்றார்; கூலிக்கு வந்தவர்கள் நோயாளரை நடத்திய விதத்தைக் கட்டிலில் கிடந்தபடியே கண்டார். ஒரே பிள்ளை நோயுற்றால் தாய் பேணுவது போலப் பேண வேண்டும் என்று தம் தோழருக்குப் போதித்தார். இந்தப் பகுதியை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். தாய்மை பொருந்திய அந்தப் பணியை ஒருவரோ இருவரோ செய்ய இயலாது என்று கண்டே அவர் 1582-இல் தோழர்களைச் சேர்க்கத் தொடங்கினார் என்பதைக் கேட்பது அரிது.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். இங்கே வேறொரு வகைச் செவிலியப் பணி வளர்ந்து வருகிறது. கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் முதியோர் பலர் தனியே வாழ்கின்றனர். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ உள்ளனர். பன்னிரண்டு மணி நேரமோ, இருபத்து நான்கு மணி நேரமோ உடனிருந்து பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஒரு பெண்ணை அமர்த்துகின்றனர். இவர்களில் பட்டம் பெற்ற செவிலியர் சிலர். சில மாதப் பயிற்சியோடு வருவோர் பலர். மருத்துவமனை வார்டில் எவ்வளவு துன்பம் இருந்தாலும் பக்கத்தில் ஒரு தோழி இருப்பாள். சாப்பாட்டு வேளையில் தலைமைச் செவிலியரைப் பற்றி இரண்டு வார்த்தை முணுமுணுக்கலாம். இவர்களுக்கு அதுவும் இல்லை. நினைவாற்றல் இழந்த மூதாட்டி, “என் வளையலை நீ எடுத்துவிட்டாய்” என்று ஒரே நாளில் பத்து முறை சொல்வார். அது நோயின் பேச்சு என்று தெரிந்தாலும் பத்தாம் முறை நெஞ்சு சுடத்தான் செய்யும். அன்றிரவு அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் மகன், “அம்மா வளையல் என்னவோ சொல்கிறார்களே?” என்று கேட்டால் எப்படியிருக்கும்? “அம்மா அப்படிச் சொல்வார்கள், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே” என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிடும் பிள்ளைகளும் உளர். அத்தகைய வீட்டில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றனர்.

நோயாளிக்குத் துணையிருப்போரின் நடத்தையையும் சொல்ல வேண்டும். மருத்துவர் காலையில் வந்து பத்து நிமிடத்தில் சுற்றிப் போகிறார். அவரிடம் நாம் கைகட்டி நிற்கிறோம். கேட்க அஞ்சிய கேள்விகளையெல்லாம் அவர் போன பிறகு செவிலியரிடம் உரத்த குரலில் கேட்கிறோம். தனியார் மருத்துவமனையில் கட்டணச் சீட்டு வந்தவுடன் அந்தக் கோபமும் அவர்மீதே பாய்கிறது. அந்தத் தொகையில் அவருக்குச் சேர்வது எவ்வளவு என்பதை எண்ணுவோர் யார்? மருத்துவமனை ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-இல் தமிழகத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் நடப்பதோ இதனினும் நுட்பமானது. பல மருத்துவமனைகளில் இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் பணியை ஒப்படைத்து, எட்டு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் மருமகளுக்காக வீட்டில் காத்திருப்பது உறக்கமன்று. ஊறவைத்த பருப்பும் நறுக்காத காய்கறியுமே. பகலில் அவள் படுத்தால், “பட்டப்பகலில் தூக்கமா?” என்று பக்கத்து வீட்டார் கேட்பர். அழைப்பு மணி ஒலிக்கும். தெருவில் ஒலிபெருக்கி அலறும். பிள்ளை வந்து கன்னத்தைத் தட்டும். மூன்று மணி நேர உறக்கத்தோடு மறுபடியும் இரவுப் பணிக்குப் போகிறாள். உறக்கம் குறைந்த மூளைக்குப் பிறர் முகத்தைப் படிக்கும் ஆற்றலும், சட்டென்று எழும் சினத்தை நிறுத்தும் ஆற்றலும் குறைந்துவிடும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. அப்படியானால் வார்டில் அவள் எரிந்து விழுவதற்கு விதை எங்கே ஊன்றப்பட்டது?

பெண் பார்க்கும்போது, “நைட் டூட்டி உண்டா?” என்று கேட்காத மாப்பிள்ளை வீட்டார் குறைவு. கேட்கட்டும். “உண்டு” என்றால் அவள் பகலில் உறங்க நம் வீட்டில் ஓர் அறை உண்டா, காலைச் சமையலை யார் ஏற்பது என்று அடுத்த கேள்வியையும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாமே! சம்பளச் சீட்டைப் பார்க்கும் கண்களுக்குப் பணிப் பட்டியல் மட்டும் தெரியாமற் போவது ஏன்? கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்கு வராத மருமகளைப் பற்றிக் கோவில் வாசலில் முணுமுணுப்போரும் உளர். அவ்வேளையில் அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று பங்குத்தந்தை ஒருமுறை பீடத்திலிருந்து சொல்லிவிட்டால், அந்தப் பேச்சு நின்றுவிடும் என்பது நம் எண்ணம்.

வீட்டாருள் சிலர் மிகுந்த நல்லெண்ணத்தோடு தவறு செய்வதும் உண்டு. வார்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. உடலைத் துடைத்து, துணி சுற்றி, தாயின் கையில் கொடுத்து, படிவங்களை நிரப்பி, கால் மணி நேரத்தில் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவள் வாய் திறந்தால், “ஆஸ்பத்திரிப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவராதே, குழந்தைகள் பயப்படுவார்கள்” என்று தடுத்துவிடுகிறோம். அல்லது, “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று விரைந்து முடித்துவிடுகிறோம். அவள் கேட்டது ஆறுதலுரையை அன்று. பதினைந்து நிமிடம் செவிகொடுக்கும் ஒரு காதை. கணவர் தேநீர்க் கோப்பையோடு அருகில் அமர்ந்து ஒன்றும் சொல்லாமல் கேட்டாலே போதும்.

இவ்வாறு கேட்பதையே மருத்துவமனைக்குள் ஓர் ஏற்பாடாக ஆக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கென்னத் சுவார்ட்ஸ் என்ற நாற்பது வயது வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார். அறுவைச் சிகிச்சைக்கு முன் விவரம் கேட்டு எழுத வந்த செவிலியர் முதலில் கடுகடுப்பாகவே இருந்தார். வேலை மிகுதி அவர் முகத்தில் தெரிந்தது. பேச்சினிடையே நோயாளிக்கு வந்திருப்பது நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்ததும் அவர் குரல் மாறிற்று; நோயாளியின் சிறு மகனைப் பற்றியும் பேச்சு வந்தது. தம் உறவில் அதே பெயருடைய பிள்ளை இருப்பதைச் சொன்னார், கண்கள் கலங்கின. மறுநாள் அறுவைக் கூடத்துக்குத் தள்ளிச் செல்லப்படக் காத்திருந்தபோது, சொன்னபடியே வந்து கையைப் பற்றி வாழ்த்தி அனுப்பினார். தாங்க முடியாததைத் தாங்கச் செய்தவை இத்தகைய சிறு செயல்களே என்று அவர் 1995-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவ்வாண்டே இறந்தும் போனார். அதே பெண், அதே நாள், அதே வேலை மிகுதி. கடுகடுப்பும் கண்ணீரும் சில நிமிட இடைவெளியில் ஒருவரிடமே தோன்றின என்பது சிந்தனைக்குரியது.

அவர் பெயரால் அமைந்த நிறுவனம், நோயாளருக்காகப் பேசியதோடு நில்லாமல், அவர்களைப் பேணுவோரின் மனத்தையும் பேண வேண்டும் என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கிற்று. 2009 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளிலும் அது பரவிற்று. பெரும்பாலும் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஓர் அறையில் கூடுகின்றனர். ஒரு நோயாளியைப் பேணியபோது தம் மனம் பட்ட பாட்டை ஓரிருவர் சொல்கின்றனர்; மற்றவர்கள் கேட்கின்றனர்; தாமும் பட்டதைச் சொல்கின்றனர். தீர்வு காண வேண்டியதில்லை. குற்றம் யாருடையது என்று ஆராய்வதுமில்லை. பெரும்பாலும் உணவும் அங்கேயே வழங்கப்படுகிறது. இதற்கு வேண்டியவை ஓர் அறை, ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ளக் கூடுதலாக இரண்டு செவிலியர். அறைக்கு நம் திருச்சியில் பஞ்சமில்லை.